கணவாய்க்கு ஐந்து நட்சத்திரம், இறாலுக்கு இரண்டு

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருமுனை மீன் கடையில் ஞாயிறன்று அரை கிலோ இறாலும் கால் கிலோ கணவாயும் வாங்கினேன். கணவாய் அருமை, தோலை உரித்து வளையமாக நறுக்கியே தந்தார்கள். இறால்தான் ஏமாற்றம். சுத்தம் செய்தது என்றார்கள். முதுகில் கறுப்பு நரம்பு அப்படியே இருந்தது. பல்குச்சியால் ஒவ்வொன்றாக இழுத்து முடிப்பதற்குள் முதுகு வலித்துவிட்டது, என் முதுகு.

கோதுமை பாஸ்தா வடித்த கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்து வைத்தேன். ஆலிவ் எண்ணெயில் பூண்டு, மிளகாய் வற்றல், தக்காளி வதங்கியதும் அதை ஊற்றினால் க்ரீம் இல்லாமலே கெட்டியாகிறது. கணவாய்க்குக் கடைசி 2 நிமிடம் போதும், விட்டால் ரப்பர்தான். வெள்ளரி சாலட்டைப் பார்த்து, "பச்சடிதானே, தயிர் எங்கேம்மா?" என்றார் மாமியார். சரி, அடுத்த வாரம் அந்தக் கடையில் கணவாய் மட்டும்.