ஒரு காண்டாமிருகத்தின் காலடியில் இரண்டு வருடம்: கலை வரலாற்று ஆய்வு முதுகலை, படித்தவள் பார்வையில்

செருப்பு வாங்கினால்கூட நாலு பேர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறோம். இரண்டு வருடத்தையும் சேமிப்பில் பெரும்பங்கையும் விழுங்குகிற ஒரு படிப்பைப் பற்றி மட்டும், அதை விற்பவர்கள் அச்சிட்ட கையேட்டைத் தவிர எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. கையேட்டில் ஒரு பெண் ஓவியத்தின் முன் நின்று லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு வருடத்தில் நான் அப்படி நின்றது ரொம்பக் குறைவு. பெரும்பாலும் உட்கார்ந்துதான் இருந்தேன், கழுத்து வலியோடு.

படித்தது கலை வரலாற்றில் முதுகலை, அதிலும் ஆய்வு வழி. இந்தப் படிப்புக்கு நான் தருகிற மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. அந்த அரை மதிப்பெண் என் கைடு கேட்ட ஒரே ஒரு கேள்விக்காக. அதை அப்புறம் சொல்கிறேன்.

பாடவழி முதுகலை என்றால் வகுப்பு, கட்டுரை, தேர்வு என்று யாராவது நம்மை இழுத்துக்கொண்டு போவார்கள். இங்கே அது கிடையாது. முதல் அரையாண்டில் முறையியல் வகுப்பு ஒன்று இருந்தது. மற்ற நேரமெல்லாம் நீங்கள், உங்கள் தலைப்பு, மாதம் ஒருமுறை கைடு. கடைசியில் ஆய்வேடு, வைவா. இதை விடுதலை என்று எடுத்துக்கொள்கிறவர்களுக்குச் சரிவரும். நான் அதற்கு முன் ஆறு வருடம் கணக்குப் புத்தகம் பார்த்தவள். தினமும் யாராவது ஒரு வேலையைக் கொடுத்தே பழகிவிட்டதால், முதல் மூன்று மாதம் நூலகத்தில் புத்தகங்களை எடுத்து அடுக்குவதையே ஆராய்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முறையியல் வகுப்பு நன்றாகவே இருந்தது. கலை வரலாற்றாசிரியர் பனோஃப்ஸ்கி 1939-இல் முன்வைத்த மூன்று படிகள், அதாவது படத்தில் என்ன தெரிகிறது, அது எந்தக் கதையைக் குறிக்கிறது, அந்தக் காலத்து மனம் அதில் எப்படி வெளிப்படுகிறது என்பது, தேர்வுக்கு எழுத வசதி. எனக்குப் பிடித்தவர் மொரெல்லி. மருத்துவம் படித்த இத்தாலியர். ஓவியத்தை வரைந்தது யார் என்று கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்காதே, காது மடலையும் விரல் நகத்தையும் பார் என்றவர். ஓவியன் பழக்கத்தில், யோசிக்காமல் வரைந்துவிட்டுப் போகிற இடங்கள் அவை. கணக்குத் தணிக்கையிலும் இதே கதைதான். பெரிய தொகையை எல்லோரும் சரிபார்ப்பார்கள், தப்பு சில்லறையில் இருக்கும்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். நான் கொண்டுபோனது ‘ஐரோப்பியக் கலையில் இந்திய விலங்குகள்’. கைடு படித்துவிட்டு, “இது ஒரு ஆயுளுக்கான தலைப்பு” என்றார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த சந்திப்பில் விலங்குகள் போய் ஒரே விலங்கு ஆயிற்று: ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1515-இல் செய்த காண்டாமிருக மரச்செதுக்கு அச்சு, அதாவது மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றிய படம். அதற்கடுத்த சந்திப்பில் அந்த அச்சின் பிற்காலப் பதிப்புகள் மட்டும். கடைசியில் என் கையில் மிஞ்சியது காண்டாமிருகத்தின் கால்களும் அவற்றின் குறுக்கே ஓடுகிற ஒரு விரிசலும்தான்.

தெரியாதவர்களுக்காக: குஜராத் சுல்தான் இரண்டாம் முசாபர் கொடுத்த அந்த மிருகம் 1515 மே 20-ஆம் தேதி லிஸ்பனில் கப்பலிலிருந்து இறங்கியது. டியூரர் அதைக் கண்ணால் பார்க்கவே இல்லை. யாரோ அனுப்பிய வர்ணனையையும் ஓவியத்தையும் வைத்துக்கொண்டு, முதுகில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பையும் சேர்த்து, போர்க்கவசம் மாட்டியது போலச் செதுக்க வைத்துவிட்டார். தலைப்பு வாசகத்தில் ஆண்டுகூட 1513 என்று தவறாகத்தான் இருக்கிறது. மிருகமோ, போர்ச்சுகல் அரசர் அதைப் போப்பாண்டவருக்கு அனுப்பியபோது 1516 தொடக்கத்தில் கப்பலோடு மூழ்கிப்போனது. மரக்கட்டை மட்டும் கைமாறிக் கைமாறி நூறு வருடத்துக்கு மேல் அச்சடித்துக்கொண்டே இருந்தது.

இந்தப் படிப்பில் முழு மதிப்பெண் பெறுவது அச்சுப்பட அறை, அதாவது பழைய அச்சுப்படங்களை எடுத்துக் காட்டுகிற அருங்காட்சியக அறை. முன்கூட்டியே எழுதி நாள் வாங்க வேண்டும். பையை வெளியே வைத்துவிட வேண்டும், பேனா கூடாது, பென்சில் மட்டும். கைகளைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். படம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் அகலம்தான். புத்தகங்களில் பக்கம் முழுக்க நிறைத்துப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டுப் போனவளுக்கு, ‘இவ்வளவுதானா?’ என்று இருந்தது.

அந்த முதல் நாள் மாலை என் குறிப்புகளைக் காட்டினேன். நாலு பக்கம். கைடு புரட்டிவிட்டு, “விரிசல் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. குத்துமதிப்பாக இடது என்றேன். “அச்சில் இடதா, கட்டையில் இடதா?” என்றார்.

என் மூன்று மாத வாசிப்பு அங்கேயே சரிந்தது. அச்சு என்பது கட்டையின் கண்ணாடிப் பிம்பம். காகிதத்தில் இடது என்றால் மரத்தில் வலது. இது எனக்குத் தெரியும், எழுதியும் இருந்தேன், ஆனால் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஒருமுறைகூட அதை ஒரு மரத்துண்டாக நினைத்துப் பார்த்திருக்கவில்லை. மறுநாள் லென்ஸோடு போனேன். பக்கவாட்டில் சாய்வாக விளக்கை வைத்தால் காகிதத்தின் மேடுபள்ளம் எழுந்து தெரிகிறது. மை ஏறாத விரிசல் வெள்ளைக் கோடாக ஓடுகிறது. புழு துளைத்த இடங்கள் வெள்ளைப் புள்ளிகள். மரத்தில் விழுந்த ஓட்டை தானாக மூடாதல்லவா, அதனால் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்துப் புள்ளிகளை எண்ணினால் எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லிவிடலாம். முதல் பதிப்பில் மேலே ஐந்து வரி வாசகம், பிறகு வந்தவற்றில் ஆறு. தாளை ஒளியில் பிடித்தால் தெரிகிற நீர்க்குறியை 1907-இல் வந்த பிரிக்கேயின் நீர்க்குறித் தொகுப்போடு ஒப்பிடலாம். 1620 வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் வில்லெம் யான்சென் அச்சிடும்போது கட்டை புழு அரித்து, கால்களில் வெடித்துப்போயிருந்தது. அவர் இன்னொரு கட்டை செய்து நிறம் சேர்த்து அச்சிட்டார். அது கலை ஆசையா, பழுதான சரக்கை விற்கிற சாமர்த்தியமா? என் ஆய்வேட்டின் பாதி இந்தக் கேள்விதான். நான் சாமர்த்தியத்தின் கட்சி. வைவாவில் ஒருவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இனிக் குறைகள். ஜெர்மன் வாசிப்புத் தேர்வு இருக்கிறது என்பதைச் சேர்ந்த பிறகுதான் அழுத்திச் சொன்னார்கள். அகராதி வைத்துக்கொள்ளலாம் என்பது ஆறுதல் போலத் தோன்றும். துணை வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில் வருகிற மொழி என்பதால் தமிழ் பேசுகிற எனக்குக் கொஞ்சம் கைகொடுத்தது. கலை வரலாற்றாசிரியர்கள் எழுதுகிற அரைப்பக்க வாக்கியங்களுக்கு எந்தத் தாய்மொழியும் கைகொடுக்காது.

கைடின் கேள்விக்கு அரை மதிப்பெண் கொடுத்தேன், அவர் பதில் அனுப்புகிற வேகத்துக்கு ஒன்றைக் கழித்துவிட்டேன். என் இரண்டாம் அத்தியாயம் அவரிடம் பதினோரு வாரம் கிடந்தது. திரும்பி வந்தபோது ஓரத்தில் இரண்டே கேள்விக்குறிகள்.

மிச்சம் கழித்தது படங்களுக்காக. ஆய்வேடு இணையக் களஞ்சியத்தில் ஏறும், அப்படி ஏறினால் அது வெளியீடு, வெளியீடு என்றால் ஒவ்வொரு படத்துக்கும் அனுமதி. ஒரு சேகரிப்பிலிருந்து வந்த கட்டணச் சீட்டைப் பார்த்துவிட்டு, அந்தப் படத்தை நீக்கி, அதே பதிப்பின் வேறு பிரதியைத் தேடினேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் பதிப்புரிமை இல்லாத படைப்புகளின் படங்களை இலவசமாகத் திறந்துவிட்டது, ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அதற்கும் முன்னாலேயே. தலைப்பு முடிவு செய்வதற்கு முன்னால் படங்கள் எங்கே இருக்கின்றன, யார் காசு கேட்பார்கள் என்று பாருங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

வேலை? நேரடியாகக் கதவைத் திறந்துவிடுகிற பட்டம் அல்ல. முனைவர் பட்டத்துக்குப் போகலாம், சேகரிப்புகளில் பட்டியலிடும் வேலைக்குப் போகலாம். நாஜிக்கள் கொள்ளையடித்த கலைப்பொருள்கள் குறித்து 1998-இல் 44 நாடுகள் வாஷிங்டனில் கோட்பாடுகளை ஏற்ற பிறகு, ஒரு பொருள் யார் யார் கைவழியாக வந்தது என்று தோண்டுகிறவர்களுக்கும் தேவை இருக்கிறது. நான் பகுதிநேரமாகப் பட்டியலிடுகிறேன், மீதி நேரம் பழைய கணக்கு வேலை.

ஒரே படத்தின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், போனை வீட்டில் வைத்துவிட்டு. இருபதாவது நிமிடம் கோபம் வரும். நாற்பதாவது நிமிடமும் அதே கோபம் என்றால் பாடவழி முதுகலையே போதும்.

போன வாரம் தோழி ஒருத்தி டியூரரின் காண்டாமிருகம் அச்சிட்ட டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்தாள், என்னைச் சந்தோஷப்படுத்த. வரிகளை எண்ணலாம் என்று பார்த்தால் மேல் வாசகத்தையே வெட்டிவிட்டிருந்தார்கள். குனிந்து கால்களைப் பார்த்தேன். விரிசல் இல்லை.