கில்ட் வார்ஸ் 2: பிவிபி ஆடினால் கேரக்டர் வளருமா?

கில்ட் வார்ஸ் 2 என்கிற ஆன்லைன் கேமுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். மற்ற ஆட்டக்காரர்களோடு மோதுகிற பிவிபி பக்கம் போனால் கேரக்டருக்கு ஏதாவது ஏறுமா, இல்லை அந்த நேரத்தில் நாலு அரக்கனை அடித்து லெவல் ஏற்றிக்கொள்ளலாமா? கண்டிப்பாகப் போங்கள் என்பேன், ஆனால் லெவலுக்காக மட்டும் போகாதீர்கள்.

லெவல் கணக்கு சின்னது. 2012-ல் ஆட்டம் வந்தபோது இருந்த 80-தான் இன்றைக்கும் உச்சம். பிவிபிக்குள் நுழைந்தால் குறைந்த லெவல் ஆளும் 80 ஆகிவிடுவார், கவசத்தின் பலமும் எல்லோருக்கும் ஒரே தரம், வெளியே வந்ததும் பழைய லெவல்தான். ஆனால் ஆட ஆட ரிவார்டு டிராக் என்கிற பரிசு வரிசை நகரும், அதில் வருகிற டோம் ஆஃப் நாலெட்ஜ் என்கிற புத்தகம் ஒன்றைப் பயன்படுத்தினால் ஒரு லெவல் ஏறும். ஆக, எண்ணும் ஏறத்தான் செய்கிறது.

எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. இந்த ஆட்டத்தில் உருண்டு தப்பிக்கிற டாட்ஜுக்கு எண்டூரன்ஸ் என்கிற தெம்பு 100 இருக்கும், ஒரு டாட்ஜுக்கு 50 போய்விடும், அதாவது கையில் இரண்டே இரண்டு. அரக்கர்களோடு மட்டும் ஆடிய காலத்தில் அதை நான் எண்ணியதே இல்லை. பிவிபியில் சுத்தியல் வைத்த ஒரு வாரியர் எதிரே வந்தார், அவர் போட்ட சாதாரண அடிக்கெல்லாம் பயந்து இரண்டையும் செலவழித்துவிட்டேன், அதுவரை காத்திருந்தவர் எர்த்ஷேக்கர் என்கிற ஸ்கில்லைப் போட்டுத் தாவி வந்து தரையில் குத்தினார், ஸ்டன் ஆகி, அதாவது அசைய முடியாமல், நின்ற இடத்திலேயே விழுந்தேன். அடுத்தடுத்த ஆட்டங்களில் கண் முழுக்க அவர் கையில்தான், தாவத் தொடங்குகிற அந்த நொடிக்காக ஒரு டாட்ஜை எப்போதும் மிச்சம் வைக்கப் பழகினேன். அப்புறம் ஐந்து பேர் சேர்ந்து அரக்கர்களோடு மோதுகிற ஃபிராக்டல் என்கிற பகுதிக்குத் திரும்பியபோது, முன்பு என்னைக் கீழே தள்ளிக்கொண்டே இருந்த பாஸ் கை ஓங்குவது எனக்கு மெதுவாகத் தெரிந்தது. லெவல் அதேதான், கவசமும் அதேதான்.

அணியாக ஆடுவதும் அப்படியே. கான்க்வெஸ்ட் என்கிற பிவிபி ஆட்டத்தில் ஐந்து பேருக்கு ஐந்து பேர், பிடித்து வைக்க மூன்று இடங்கள், 500 புள்ளி எடுத்தால் வெற்றி. ஆளை அடிப்பதிலேயே குறியாக இருந்தால் அங்கே இடம் பறிபோகும், எந்தச் சண்டையை விட்டு ஓட வேண்டும் என்பது அங்கேதான் புரியும்.

குறை இல்லாமல் இல்லை. பல ஸ்கில்களுக்குப் பிவிபியில் ஒரு கணக்கு, வெளியே வேறு கணக்கு, அதனால் அங்கே ஜெயித்த பில்டை, அதாவது ஸ்கில்களைச் சேர்த்து வைத்த விதத்தை, அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. எல்லா லெவலையும் டோமிலேயே ஏற்றிவிட்டால் வரைபடங்களும், ஸ்கில்களைத் திறக்க உதவும் ஹீரோ பாயின்ட்டுகளும் தொடாமல் கிடக்கும், அதற்கெல்லாம் பிறகு நடந்துதான் தீரவேண்டும். உலகத்துக்கு எதிர் உலகம் என்கிற டபிள்யூவிடபிள்யூவிலும் லெவலை 80 ஆக்கிவிடுவார்கள், ஆனால் அங்கே உங்கள் சொந்தக் கவசம்தான் பேசும், நல்லதாக ஒன்று சேர்ந்த பிறகு அந்தப் பக்கம் போவது உத்தமம்.

என் முதல் கேரக்டரை நடந்தே 80-க்குக் கொண்டுபோனேன். சேர்ந்த டோம்களை எல்லாம் பேங்கில் போட்டு வைத்திருந்து இரண்டாவதாக உருவாக்கிய நெக்ரோமான்சருக்குக் கொடுத்தேன், அதற்குள் அந்த வரைபடங்கள் எனக்கு மனப்பாடம்.