எமிக்ரேட்டா, இமிக்ரேட்டா? மூணு மாச ஸ்போக்கன் இங்கிலீஷ்

காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் நடக்கிற வகுப்பு. மூணு மாசத்துக்கு ₹3,500. கோட்டையூரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். எனக்கு வயசு 61, கூடப் படித்ததெல்லாம் காலேஜ் பிள்ளைகள். முதல் நாளே டீச்சர், "ஆச்சி, ஃபேனுக்குக் கீழே உக்காருங்க" என்றது. அதுக்கே ஒரு ஸ்டார்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு குழப்பம். நான் பத்தாவது தாண்டாதவள். அதனால் பழைய பாஸ்போர்ட்டில் 'எமிக்ரேஷன் செக் ரெக்வயர்ட்' என்று இருந்தது. திருச்சி ஏர்போர்ட்டில் கிளம்பும்போது பார்த்தால் 'இமிக்ரேஷன்' என்று போர்டு. காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். டீச்சர் ஒரு வீடு வரைந்து, வாசலை விட்டு வெளியே போகிற அம்புக்கு எமிக்ரேட், உள்ளே வருகிற அம்புக்கு இமிக்ரேட் என்று எழுதியது. முதலாவதுக்கு ஒரு 'எம்', அடுத்ததுக்கு ரெண்டு. ஏர்போர்ட்டில் போக, வர ரெண்டுக்குமே இமிக்ரேஷன்தானாம், அது ஆபீஸ் பேர்.

நான் விடவில்லை. எங்க ஐயா, அப்பாவைப் பெற்றவர், ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்கப் போனவர், அவர் எது என்று கேட்டேன். "கோட்டையூர்க்காரங்க சொன்னா எமிக்ரேட், ரங்கூன்காரங்க சொன்னா இமிக்ரேட். ஆள் ஒருத்தர்தான் ஆச்சி." சரி, அப்பத்தாவை இங்கேயே விட்டுவிட்டு, மூணு வருஷக் கணக்கு முடிந்ததும் ஊருக்கு வந்து, திரும்பவும் கப்பல் ஏறினாரே? டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தது. "குடியேறப் போறவங்களுக்குத்தான் ரெண்டு வார்த்தையும். ஐயாவுக்கு ரெண்டுமே சரியா வராது" என்றது. மழுப்பாமல் சொன்னதுக்கு இன்னொரு ஸ்டார்.

குறை இல்லாமல் இல்லை. ஜெராக்ஸ் நோட்ஸில், எமிக்ரேட்டுக்குப் பின்னால் 'ஃப்ரம்' மட்டும்தான் வரணும், 'டு' போட்டால் தப்பு என்று போட்டிருக்கிறார்கள். டொராண்டோவில் இருக்கிற மகளிடம் போனில் படித்துக் காட்டினேன். "யாரும்மா சொன்னது? எமிக்ரேட்டட் டு கனடான்னு தாராளமா எழுதலாம், கிளம்பின ஊர்ப் பக்கம் நின்னு சொல்றோம்னு அர்த்தம், அவ்வளவுதான்" என்றாள். நோட்ஸை இன்னும் திருத்தவில்லை. ஒரு பேட்சில் 22 பேர், வாய் திறந்து பேச ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கிடைத்தால் அதிகம். மாடிப்படிக்குக் கைப்பிடியும் கிடையாது.

சேருகிறவர்கள் காலை பேட்சில் சேருங்கள். சாயங்காலம் கீழே பரோட்டாக் கடையில் கொத்து ஆரம்பித்துவிட்டால், டீச்சர் சொன்னது 'எ'யா 'இ'யா என்று கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்காது.