மூடிய சுரங்கத்துக்கு எந்தப் போர்வை: இறுக்கிய களிமண்ணா, தளர்மண்ணா, பிளாஸ்டிக் ஷீட்டா?

சுரங்கம் மூடினாலும் கழிவுப்பாறைக் குன்று சும்மா இருப்பதில்லை. பாறையில் உள்ள பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் ஈரமும் பட்டுக் கந்தக அமிலமாகிறது. மழைநீர் உள்ளே இறங்கினால் அந்த அமிலத்தோடு செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்துக்கொண்டு அடிவாரத்தில் கசியும். அதைக் குறைக்கத்தான் மேலே மண் போர்த்திச் செடி வளர்க்கிறார்கள். எந்தப் போர்வை என்று முடிவு செய்யும்போது பலரும் ஆண்டு மழை எவ்வளவு என்று பார்க்கிறார்கள். மழை எப்போது பெய்கிறது, செடி எப்போது குடிக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இறுக்கிய களிமண்

காகிதத்தில் அழகான தீர்வு இது. களிமண்ணை 15 செ.மீ. அடுக்குகளாகப் பரப்பி, மண் நன்றாக இறுகும் உகந்த ஈரத்தைவிட 1 முதல் 3% கூடுதலாக நனைத்து, ப்ராக்டர் அடர்த்தியில் (ஆய்வகச் சோதனையில் அந்த மண் எட்டும் உச்ச அடர்த்தி) 95% வரும்வரை ரோலர் ஓட்ட வேண்டும். விநாடிக்கு 10⁻⁹ மீட்டர் என்ற ஊடுருவல் வேகம் கிடைத்தால், களிமண் எப்போதும் நனைந்தே இருந்தாலும் ஆண்டுக்குச் சுமார் 31 மி.மீ.தான் கீழே இறங்கும்.

ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் இருக்கும் ரம் ஜங்கிள் யுரேனியம்–செம்புச் சுரங்கத்தில் 1980களில் இதைத்தான் செய்தார்கள். அடியில் குறைந்தது 22.5 செ.மீ. இறுக்கிய களிமண், நடுவில் 25 செ.மீ. மணற்பாங்கான களிமண், மேலே அரிப்பைத் தடுக்க 15 செ.மீ. சரளை மணல். மழையில் 5%க்கு மேல் உள்ளே போகக் கூடாது என்பது இலக்கு. போர்வைக்கு முன் சுமார் பாதி மழை உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆரம்ப ஆண்டுகளில் இலக்கு எட்டியது. பிறகு அளந்தபோது கசிவு 5 முதல் 10% வரை ஏறியிருந்தது.

காரணம் கனத்தில் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை மழை ஏறக்குறைய இல்லாத ஊரில், களிமண்ணுக்கு மேல் வெறும் 40 செ.மீ. மண். அந்த வறண்ட மாதங்களில் வேர் களிமண்ணின் ஈரத்தையே உறிஞ்சுகிறது, களி வெடிக்கிறது, கரையான் துளைக்கிறது. அடுத்த மழையில் களி ஊதி வெடிப்பு மூடிக்கொள்ளும் என்பது வெறும் நம்பிக்கை. வெடிப்புக்குள் மேல்மண் விழுந்து, வேரும் ஓடிவிட்டால் அது மூடாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த களிமண் போர்வைச் சோதனையிலும் ஒரே வறட்சிதான் கதையை மாற்றியது. அதன் பிறகு பெய்த மழை விறுவிறுவென்று கீழே இறங்கியது.

தளர்மண்: பிடித்து வைத்து விடுவது

தண்ணீரைத் தடுப்பது இதன் வேலையல்ல. மழைக்காலத்தில் மண் பஞ்சுபோலத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். வெயில் காலத்தில் செடி அதைக் குடித்துக் காலி செய்யும்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள கிட்ஸ்டன் தங்கச் சுரங்கம் இதற்கு நல்ல உதாரணம். ஆண்டு மழை சுமார் 700 மி.மீ.; ஆவியாதல் அதைவிடப் பல மடங்கு. அடியில் அரை மீட்டர் இறுக்கிய களிமண், மேலே குறைந்தது 1.5 மீட்டர் கல் கலந்த தளர்மண். மேற்பரப்பை மேடும் பள்ளமுமாக விட்டார்கள். தண்ணீர் ஓரிடத்தில் திரண்டு சரிவை அறுக்காமல் விழுந்த இடத்திலேயே நிற்கட்டும் என்பது எண்ணம். இங்கும் களிமண் இருக்கிறது, ஆனால் வெயிலுக்கு எட்டாத ஆழத்தில்.

கனத்தை இப்படிக் கணக்கிடலாம். மண்ணின் நீர்தாங்கு அளவு (வடிந்த பிறகும் மண் பிடித்து வைக்கும் நீர்) 28%, வாடல் நிலை (செடியால் இனி உறிஞ்ச முடியாத ஈரம்) 12% என்றால் பயன்படும் இடம் 16%. அதாவது ஒரு மீட்டருக்கு 160 மி.மீ. மண்ணில் கால்வாசி கல் என்றால் 120தான். கல்லுக்காகக் கழிப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1.5 மீட்டருக்கு 180 மி.மீ. கிடைக்கும். மழைக்கால மழையிலிருந்து அதே காலத்தில் ஆவியாவதையும் செடி குடிப்பதையும் கழித்தால் வரும் மிச்சம் 180க்குள் இருக்க வேண்டும். சராசரி ஆண்டை வைத்துப் பார்த்தால் போதாது, கனமழை ஆண்டுக்குப் போடுங்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மான்டிசெல்லோ யுரேனியம் ஆலைக் கழிவின் மேல் 1.6 மீட்டர் மண், அதன் கீழே மணல். ஆண்டுச் சராசரிக் கசிவு 1 மி.மீ.க்கும் கீழே. அதிலும் பெரும்பகுதி 2004–05 குளிர்காலத்து ஈரத்தால் வந்தது.

அங்கே மணல் எதற்கு? பூந்தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லு போட்டால் அதற்கு மேலுள்ள மண் ஈரத்தை விடாமல் நிற்குமே, அதே விஷயம். கழிவிலிருந்து அமில உப்பு மேலேறி வேரைக் கருக்குவதையும் பருமணல் அல்லது நல்ல பாறை அடுக்கு தடுக்கும்.

கெடுவது பெரும்பாலும் வேலை நடக்கும்போதுதான். போட்ட மண் மேலேயே டிப்பர் ஓடினால் மண் இறுகி வேர் இறங்காது. சுமையைக் குவியல் குவியலாகத் தட்டிவிட்டு, அகலச் சங்கிலி டோசரால் ஒரே தடவை சமப்படுத்துங்கள். 80–85% ப்ராக்டர் போதும். வெறும் ஓராண்டுப் புல் விதைத்தால் மழை நின்றதும் அது காய்ந்துவிடும், தண்ணீர் மண்ணிலேயே தங்கிவிடும். ஆழ வேர்ப் புதர்களும் பல்லாண்டுப் புல்லும் கலந்து வேண்டும். செடி உறங்கும் குளிர்காலத்தில் மழை கொட்டும் நாடுகளில் இந்த முறைக்குக் கூடுதல் கனம் தேவை.

மண் கிடைப்பதும் ஒரு பிரச்சினை. 1.5 மீட்டர் கனத்துக்கு ஹெக்டேருக்கு 15,000 கன மீட்டர். 10 கன மீட்டர் டிப்பரில் 1,500 நடை. 2001இல் மூடிய கோலார் தங்க வயலின் சயனைடு மேடுகளுக்கு (தங்கம் பிரித்த பின் கொட்டிய கழிவு), மழைக்குப் பின் நீண்ட வறட்சி வருவதால் தளர்மண் ஒத்துவரும். ஆனால் அவ்வளவு மண் தோண்ட இன்னொரு நிலத்தைப் பறிகொடுக்க வேண்டியிருக்கும்.

ஷீட்

ஆண்டு முழுக்க ஈரமான ஊரில், கசிவை அடியோடு குறைக்க வேண்டுமென்றால் இதுதான். 1.5 மி.மீ. ஹெச்.டி.பி.இ. (அடர்த்தி மிக்க பாலித்தீன்) போதும், குன்று இன்னும் அமுங்கும் என்றால் வளைந்து கொடுக்கும் எல்.எல்.டி.பி.இ. வகைப் பாலித்தீன் நல்லது. அடியில் கல் குத்தாமல் மணலோ தடித்த ஜியோடெக்ஸ்டைல் துணியோ, மேலே 30 செ.மீ. சரளை வடிகால். அந்த வடிகாலை மிச்சப்படுத்தினால் ஷீட்டுக்கு மேலுள்ள மண் ஊறி, ஒட்டுமொத்தமாக வழுக்கி இறங்கும். மூன்றுக்கு ஒன்றைவிட (மூன்று மீட்டர் கிடைத்தூரத்துக்கு ஒரு மீட்டர் உயரம்) செங்குத்தான சரிவில் போடவே வேண்டாம். இரட்டை வெல்டிங் செய்து, இரு வெல்டிங் கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் காற்றடைத்து ஒவ்வொரு இணைப்பையும் சோதிக்க வேண்டும். செலவு மூன்றிலும் இதற்கே அதிகம்.

வறண்ட பருவம் உள்ள ஊரில் எங்கள் தேர்வு, ஆழத்தில் களிமண்ணோடு கூடிய தளர்மண். மெல்லிய களிமண் போர்வையை அங்கே பரிந்துரைக்க மாட்டோம். ஆனால் தளர்மண் வற்றும்போது ஆக்சிஜன் தாராளமாக உள்ளே போகும். அமிலம் உண்டாவது நிற்காது, வெளியே வரும் நீர்தான் குறையும்.

எதைப் போட்டாலும் போர்வைக்கு அடியில் லைசிமீட்டர் என்ற, கீழே இறங்கும் நீரைப் பிடிக்கும் தொட்டி வைத்து அளக்க வேண்டும். தொட்டிச் சுவர் உயரம் குறைந்தால், சுற்றியுள்ள வறண்ட கழிவு தண்ணீரைப் பக்கவாட்டில் இழுத்துக்கொள்ளும். தொட்டியில் சொட்டுகூட விழாது. கசிவு பூஜ்யம் என்று அறிக்கை வந்தால், முதலில் அந்தச் சுவரின் உயரத்தைக் கேளுங்கள்.