பக்கத்துக்கு ஒரு பொறுப்பாளரா, எல்லோரும் திருத்தும் விக்கியா?

கொழும்பு வெள்ளவத்தையில் ஞாயிறுதோறும் கூடி மென்பொருள் கையேடுகளைத் தமிழில் எழுதுகிறோம். யார் பெயரில் வைப்பது, யார் புதுப்பிப்பது என்பதுதான் திரும்பத் திரும்ப வரும் கேள்வி.

ஒரு வழி, லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்குக் கையேடுகள் எழுதிய லினக்ஸ் ஆவணத் திட்டம் 1990களில் கைக்கொண்டது: ஒவ்வொரு கையேட்டுக்கும் பெயரோடு ஒரு பொறுப்பாளர். நடை சீராக இருக்கும், பிழை கண்டால் யாரைக் கேட்பது என்றும் தெரியும். ஆனால் அவர் விலகினால் கையேடு அப்படியே நின்றுவிடும். எங்களில் ஒருவர் கனடா போனபின், அவர் எழுதிய நிறுவல் பக்கம் இரண்டு வருடம் பழைய ஸ்கிரீன்ஷாட்டுகளோடு கிடந்தது. அவரைக் கேட்காமல் தொட எங்களுக்கு மனம் வரவில்லை.

மற்றது விக்கி. லினக்ஸின் ஒரு வகையான ஆர்ச் லினக்ஸின் விக்கி போல, பிழையைக் கண்டவரே உடனே திருத்தலாம். எழுதியவர் பெயர் திருத்த வரலாற்றுப் பக்கத்துக்குள் போய்விடும், அதைத் திறந்து பார்ப்பவர் குறைவு. கலைச்சொல்லும் ஆளுக்கு ஆள் மாறும்.

நான் விக்கியையே எடுப்பேன். ஆனால் பக்கத்தின் மேலே எழுதியவர்கள் பெயர், மென்பொருள் பதிப்பு, கடைசியாகச் சரிபார்த்த மாதம் மூன்றும் இருக்க வேண்டும். அப்புறம், எழுதியதை மற்றவர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தை முதல் நாளே முடிவு செய்யுங்கள். பெயர் குறிப்பிட்டு, அதேபோல் பகிரச் சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்றால், போனவரைத் தேடி அனுமதி கேட்கத் தேவையில்லை.