சர்வரின் முகவரியை யாரிடம் ஒப்படைப்பது?

கோத்தகிரியில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. கிணறு கீழே, தண்ணீர்த் தொட்டி மேலே, நடுவில் வீடு. தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்துவதும், விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மாவுக்காகக் கீசரைப் போடுவதும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற வீட்டுக் கருவிகளை இயக்கும் மென்பொருள் ஓடும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையின் வேலை. அதுதான் எங்கள் சர்வர். தொட்டியில் இருக்கும் ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு சில்லு) சென்சார், நீர்மட்டத்தை இந்தச் சர்வரின் ஐபி முகவரிக்கு, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அதற்குள்ள எண்ணுக்கு, அனுப்புகிறது. முகவரி மாறிவிட்டால் சென்சார் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

முகவரியை நிலையாக வைக்க மூன்று வழிகள் உண்டு. முகவரியைப் பற்றியே கவலைப்படாமல் பெயரை வைத்துக் கூப்பிடுவது ஒன்று. சர்வருக்குள்ளேயே முகவரியை எழுதிவிடுவது இரண்டாவது. ரூட்டரில் அந்தச் சர்வருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கி வைப்பது மூன்றாவது. மூன்றையும் இந்த வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டேன். எது சுலபம் என்பதை வைத்து இவற்றை எடை போடக் கூடாது என்பது என் கருத்து. ஐப்பசி, கார்த்திகையில் இடியும் மின்வெட்டும் சேர்ந்து வரும் ஊர் இது. உங்கள் வீட்டில் எந்தப் பெட்டி முதலில் சாகும் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

பெயரை நம்பி விடுவது

புதிதாக நிறுவியவுடன் பிரவுசரில் ‘ஹோம்அசிஸ்டென்ட் டாட் லோக்கல்’ என்ற பெயரையும் 8123 என்ற போர்ட் எண்ணையும் (சர்வருக்குள் போகும் வாசல் எண்) அடித்தால் பக்கம் திறந்துவிடும். எம்டிஎன்எஸ் என்ற ஏற்பாடு இதைச் செய்கிறது. “இந்தப் பெயர் யாருடையது?” என்று கேட்கும் கருவி 224.0.0.251 என்ற பொது முகவரியில் குரல் கொடுக்கும். பெயருக்குரியவர் பதில் சொல்வார். முதல் நாளுக்கு இது அருமையான வசதி. ஆனால் இந்தக் குரல் ரூட்டரைத் தாண்டிப் போகாது; விருந்தினர் வைஃபையில் இருப்பவருக்கும் பெரும்பாலும் கேட்காது. அம்மாவின் பழைய ஆண்ட்ராய்டு போனில் அந்தப் பெயர் ஒரு நாளும் திறந்ததில்லை. சோதனைக்காக இன்னொரு சர்வரை ஏற்றினால் அதன் பெயருக்குப் பின்னால் ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். சென்சார்களை இந்தப் பெயரின் பொறுப்பில் விட நான் சம்மதிக்க மாட்டேன். இதற்குமேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

சர்வருக்குள்ளேயே எழுதுவது

அமைப்புகள், சிஸ்டம், நெட்வொர்க் என்று உள்ளே போனால் ஐபிவி4 பகுதியில் தானியங்கி, நிலையான முகவரி என்ற தேர்வுகள் இருக்கும். நிலையான முகவரியைத் தேர்ந்தெடுத்து முகவரி, சப்நெட் (நெட்வொர்க்கின் எல்லை), கேட்வே (வெளியே போகும் வழியான ரூட்டரின் முகவரி), டிஎன்எஸ் (இணையப் பெயர்களை எண்ணாக மாற்றித் தருவது) என நான்கையும் நிரப்ப வேண்டும். ரூட்டர் தானாக வழங்கும் எண்களுக்கு வெளியே ஒரு முகவரியைப் பிடிக்க வேண்டும். ரூட்டர் கடைசி எண்ணாக 100 முதல் 200 வரை வழங்கினால், 50 பாதுகாப்பானது. 120 என்று வைத்தால் என்றாவது ஒரு நாள் விருந்தாளியின் போனுக்கும் அதே எண் போய் இரண்டும் முட்டிக்கொள்ளும். டிஎன்எஸ் கட்டத்தை விட்டுவிட்டால் வீட்டுக்குள் எல்லாம் ஓடும், ஆனால் வானிலையும் அப்டேட்டும் வராமல் போகலாம். காரணம் தெரியாமல் இரண்டு நாட்கள் அலைவீர்கள்.

இந்த முறையின் பலம், சர்வர் யாரிடமும் முகவரி கேட்டு நிற்பதில்லை என்பது. மின்சாரம் திரும்பும்போது ரூட்டர் எழுந்து நிற்க நேரமானாலும் சர்வருக்குத் தன் முகவரி தெரியும். இரண்டு வருடங்கள் இதை மனதார நம்பியிருந்தேன்.

பிறகு ஒரு நவம்பர் இரவில் இடி விழுந்து இணைய நிறுவனம் தந்த ரூட்டர் பெட்டி எரிந்துபோனது. இணையம் வரும் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. அடாப்டர் வழியாகத்தான் அது உள்ளே வந்திருக்க வேண்டும். மறுநாள் வந்த தம்பி புதுப் பெட்டியை மாட்டி, நான் கேட்டபடி பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையுமே போட்டுக் கொடுத்தார். “நெட் வந்துவிட்டது அண்ணா, பாருங்கள்” என்றார். போனில் வந்திருந்தது. ஆனால் பழைய பெட்டி 192.168.1 என்ற வரிசையில் முகவரி தந்தது, புதியது 192.168.0 என்ற வரிசையில் தந்தது. தொட்டி சென்சார் புதிய வரிசையில் ஒரு முகவரியை வாங்கிக்கொண்டு, பழைய வரிசையில் இருந்த சர்வரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. சர்வரோ கடைசியாக வந்த ‘பாதித் தொட்டி’ என்ற செய்தியிலேயே நின்றது. மோட்டாரின் ஸ்டார்ட்டர் ஜிக்பீ என்ற தனி வயர்லெஸ் வழியில் சர்வரோடு நேரடியாகப் பேசுவது. அதற்கு ரூட்டரே தேவையில்லை. ஆகவே மோட்டார் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டி வழிந்து கேரட் பாத்தி இரண்டு கரைந்து கீழே போன பிறகுதான் அம்மா பார்த்துக் கூப்பிட்டார்.

சர்வர் பரணில் இருந்தது. அதற்கு மானிட்டர் இல்லை. லேப்டாப்பை மேலே எடுத்துப் போய் லேன் கேபிளால் இரண்டையும் நேராக இணைத்தேன். லேப்டாப்பின் நெட்வொர்க் அமைப்பில் கையால் 192.168.1.20 என்று முகவரியும் 255.255.255.0 என்று சப்நெட்டும் கொடுத்து, கேட்வேயைக் காலியாக விட்டேன். பிரவுசரில் சர்வரின் பழைய முகவரியையும் 8123ஐயும் அடித்ததும் பக்கம் திறந்தது. நிலையான முகவரி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்த வழியை ஒருமுறை செய்து பழகிவிட வேண்டும். அன்றைக்கே மோட்டாருக்கு அதிகபட்ச ஓட்ட நேரமும் வைத்தேன். செய்தி வந்தாலும் வராவிட்டாலும் நாற்பது நிமிடத்தில் அது நின்றுவிடும்.

ரூட்டரில் ஒதுக்கி வைப்பது

இதில் சர்வர் தானியங்கித் தேர்விலேயே இருக்கும். அதன் மேக் முகவரியை, அதாவது கருவியோடே வரும் அடையாள எண்ணை, ரூட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் (முகவரி வழங்கும் பகுதி) பதிந்து, “இவர் கேட்டால் எப்போதும் இந்த எண்ணைக் கொடு” என்று சொல்லிவிடுகிறோம். லேன் கேபிளுக்கு ஒரு மேக் முகவரி, வைஃபைக்கு வேறொன்று. கேபிளில் இணைத்துவிட்டு வைஃபையின் எண்ணைப் பதிந்தால் பலிக்காது. கேபிளில் வைத்த பிறகு சர்வரின் வைஃபையை அணைத்துவிடுங்கள். ஒரே சர்வருக்கு இரண்டு முகவரிகள் இருப்பது குழப்பத்தை வலிய அழைப்பது.

இந்த முறையின் அருமை, சர்வரின் மென்பொருள் இருக்கும் எஸ்டி கார்டு கெட்டுப்போகும்போது தெரியும். திடீர் திடீரென்று கரண்ட் போகும் ஊரில் அது கெடாமல் இருந்தால்தான் வியப்பு. புதுக் கார்டில் ஹோம் அசிஸ்டென்டைப் புதிதாக ஏற்றினால் அது ரூட்டரிடம்தான் முகவரி கேட்கும். பலகை அதேதான், மேக் முகவரியும் அதேதான் என்பதால் பழைய எண்ணே கிடைக்கும். சென்சார்களுக்கு ஒன்றும் தெரியாது. சர்வருக்குள் எழுதியிருந்தால் புதுக் கார்டில் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும்.

அதாவது உள்ளே எழுதினால் கார்டு செத்தால் போச்சு. வெளியே ஒதுக்கினால் ரூட்டர் செத்தால் போச்சு. ரூட்டர் மாறினால் வரிசையும் மாறலாம் என்பதால், கேரட் பாத்தி கரைந்த அன்று உள்ளே எழுதியதும் உதவவில்லை.

என் தேர்வு ஒதுக்கி வைப்பதுதான். ஆனால் இணைய நிறுவனத்தின் பெட்டியில் அல்ல. அது அவர்களுடையது; எரியும், மாறும், அமைப்புகள் எல்லாம் போகும். அதற்குப் பின்னால் சொந்தமாக ஒரு ரூட்டரை வைத்தேன். வீட்டு வைஃபை இதிலிருந்துதான் வருகிறது; பெயரும் கடவுச்சொல்லும் என்னுடையவை. இதன் வரிசையை 192.168.77 என்று வைத்தேன். வெளிப்பெட்டியின் வரிசையும் உள் ரூட்டரின் வரிசையும் ஒன்றாக இருந்தால் இணையம் முடங்கிவிடும். 0, 1 ஆகிய இரண்டும் பல பெட்டிகளில் முன்கூட்டியே வருவதால் அவற்றைத் தவிர்த்தேன். இப்போது வெளியே எந்தப் பெட்டி வந்தாலும் தொட்டிக்கும் சர்வருக்கும் இடையே எதுவும் மாறாது.

இதில் ஒரு குறை சொல்வார்கள்: இரண்டு ரூட்டர்களைத் தாண்டி வெளியூரிலிருந்து வீட்டைத் திறக்க இரண்டு இடத்தில் போர்ட் திறக்க வேண்டும். உண்மைதான். ஆனால் முதலில் வெளிப்பெட்டியின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அங்கே எத்தனை போர்ட் திறந்தாலும் யாரும் உள்ளே வர முடியாது. என் வீட்டில் அப்படித்தான். ஆகவே போர்ட் திறக்காமலே கருவிகளைத் தனி வழியில் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டேன். கோவைக்குப் போனாலும் தொட்டி தெரிகிறது. பணம் கட்டத் தயங்காதவர்களுக்கு ஹோம் அசிஸ்டென்டுக்காக நபு காசா நிறுவனம் தரும் வெளியூர் இணைப்புச் சேவை இன்னும் எளிது. 8123ஐ இணையத்துக்கு நேராகத் திறந்து வைப்பதை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சொந்த ரூட்டரும் எரியலாம். அதனால் அதன் அமைப்பைக் கோப்பாக எடுத்து ஒரு பென் டிரைவில் வைத்திருக்கிறேன். வேறு மாடல் வாங்க நேர்ந்தால் அந்தக் கோப்பு ஏறாது என்பதால், வைஃபை பெயர், கடவுச்சொல், 77 என்ற வரிசை, சர்வரின் மேக் முகவரி, அதற்கு ஒதுக்கிய எண் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். மழை ஈரத்தில் மை பரவியதால் போன மாதம் பென்சிலால் எழுதி மாற்றினேன்.