ஜாக்மனி என்று சொல்லி வேலிக்கொடியை விற்றுவிட்டார்கள்: சீசன் கடையில் செடி வாங்குபவர்கள் கவனத்துக்கு

கோத்தகிரி, ஊட்டி பக்கம் சீசன் கடைகளில் கிளமாட்டிஸ் என்ற பூக்கொடியை, அதிலும் ஜாக்மனி என்ற ஊதாப் பூ ரகத்தை வாங்க நினைப்பவர்கள் பர்ஸைத் திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 1,300 ரூபாய். பணம் போனது கூடப் பரவாயில்லை, அத்தையின் கொடி ரோஜா பாதி போய்விட்டது.

என் மாமியார் கல்யாணமாகி வந்த வருஷம் வைத்த ரோஜா அது. வெளிர் ரோஸ் நிறம், முன்வாசல் தூணில் ஏறி ஓடு வரைக்கும் போயிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கொட்டிப் பூத்துவிட்டு அப்புறம் வெறும் இலையாக நிற்கும். அந்த நாட்களுக்கு ஊதாப் பூவாக ஒரு கொடியைக் கூடவே ஏற்றிவிடலாம் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

2023 மே. ரோட்டு வளைவில் தார்ப்பாய் கட்டி ஒருவர் செடி விற்றுக்கொண்டிருந்தார். மொபைலில் கையகல ஊதாப் பூவைக் காட்டினார். "ஜாக்மனி அக்கா, ஃபாரின் வெரைட்டி. நானே விதை போட்டு வளர்த்தது." கவர் ஒன்று 650. இரண்டு வாங்கினேன். பில் கேட்டால், "செடிக்கு யாராச்சும் பில் போடுவாங்களா?" என்று சிரித்தார். நானும் அசடு மாதிரி சேர்ந்து சிரித்தேன்.

விதை போட்டது என்று சொன்னபோதே விழித்திருக்கணும். ஜாக்மனி கலப்பினம். இங்கிலாந்தில் வோக்கிங் என்ற ஊரில், ஜாக்மன் குடும்பத்து நர்சரியில் உருவாக்கி, 1862-ல் முதன்முதலாகப் பூத்தது. விதையிலிருந்து வந்தால் அதே பூ வராது, பதியனோ கட்டிங்கோதான் போடணும். இதெல்லாம் ஏமாந்த பிறகு படித்தது.

இன்னொன்றையும் கோட்டைவிட்டேன். வீட்டுக்கு வந்து கவரைக் கிழித்ததும் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கவரிலேயே வளர்ந்த செடி என்றால் வேர் மண்ணைக் கட்டிப் பிடித்திருக்கும். இது எங்கேயோ பிடுங்கி இரண்டு நாள் முன்பு அடைத்தது.

வளர்ச்சியைக் கேட்காதீர்கள். கிளமாட்டிஸ் இலைக்காம்பாலேயே சுற்றிப் பிடித்து ஏறும். அடுத்த மழைக்காலத்துக்குள் ரோஜாவின் ஒவ்வொரு கிளையையும் பிடித்துக்கொண்டு கூரைக்குப் போய்விட்டது. ஒன்றரை வருஷம் கழித்து, 2024 டிசம்பரில் பூத்தது. ஊதா இல்லை. சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெளுத்த பூ, கொத்துக் கொத்தாக. கொழுந்து பறிக்கப் போகிற அக்கா ஒருவர் கேட்டருகே நின்று பார்த்துவிட்டு, "இது எஸ்டேட் வேலியோரமா சும்மா கெடக்குறதாச்சே, காசு குடுத்தா வாங்கினீங்க?" என்றார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அந்த அக்கா சொன்னது சரிதான். கிளமாட்டிஸ் கௌரியானா, நம் காட்டோரங்களில் தானாகப் படரும் இனம். பூ உதிர்ந்ததும் விதையில் வெள்ளைப் பஞ்சு வால் முளைக்கும். பார்க்க அழகுதான், அது வேலியில் இருக்கும்வரை.

விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். வந்த பதில்: "மண்ணு மாறினா கலர் மாறும்க்கா, ஹைட்ரேஞ்சியா மாதிரி." சாமர்த்தியம் பாருங்கள். நம் ஊர்ப் புளிப்பு மண்ணில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பது எல்லோரும் அறிந்தது, அதனால் கேட்டதும் நம்பத் தோன்றும். கிளமாட்டிஸுக்கு அந்தக் குணம் கிடையாது. திருப்பிக் கேட்டேன், பிளாக் செய்துவிட்டார்.

கொடியை வெட்டி இழுத்தபோது ரோஜாக் கிளைகளும் சேர்ந்து முறிந்தன. கையுறை போடாததால் சாறு பட்டு விரலெல்லாம் கொப்புளம். எந்தக் கிளமாட்டிஸும் அப்படித்தான், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

ரோஜாவோடு ஏற்றுவதற்கு என்ன வாங்கலாம் என்றால், அந்த வருஷத்துப் புதுத் தண்டில் பூக்கும் ரகம்தான். ஜாக்மனியும் விட்டிசெல்லா ரகங்களும் இதில் சேரும். ரோஜாவுக்குக் கவாத்து செய்யும்போது இதையும் தரையிலிருந்து ஒரு அடி விட்டு வெட்டிவிடலாம், முள்ளுக்குள் சிக்கெடுக்கும் வேலை கிடையாது. பெரிய பூ ரகங்களில் தண்டு திடீரென்று கருத்துத் தொங்கும் வாடல் நோய் வரும். விட்டிசெல்லாவுக்கு அந்தத் தொல்லை குறைவு என்பதால் நான் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். மான்டானா என்ற கிளமாட்டிஸை யாராவது கொடுத்தால் வேண்டாம். இமயமலைச் செடி, முப்பது அடி போகும், பழைய தண்டில் பூப்பதால் ஒட்ட வெட்டினால் அடுத்த பூவும் போச்சு. ரோஜாவை மூடிவிடும்.

ரோஜா அடியிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி, கவரில் இருந்ததைவிட இரண்டு மூன்று அங்குலம் ஆழமாக நடுங்கள். மேல்தண்டு வாடினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். முக்கியமாக, ஒரு பூவாவது விரிந்து நிற்கும் செடியை மட்டும் வாங்குங்கள். போட்டோ யாரிடமும் இருக்கும்.

இந்த மே மாதமும் அதே வளைவில் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. மொபைலில் அதே ஊதாப் பூ. கவர் 900 ஆகியிருக்கிறது.